பட்டம் கொடுப்பது யார்? மதக் கல்லூரிகளும் அறிவியல் பட்டங்களும்

சென்ற ஆண்டு பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரம். எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு ஒரு தகப்பனார் வந்தார். நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். கையில் வழவழப்பான தாளில் அச்சிட்ட நான்கு பக்கத் துண்டறிக்கை. ஒரு மத அறக்கட்டளை நடத்தும் கல்லூரி. பி.எஸ்சி. படிப்பு, விடுதி இலவசம், மதிப்பெண் பற்றிக் கவலை வேண்டாம் என்றெல்லாம் போட்டிருந்தது. மகளைச் சேர்க்கலாமா என்று கேட்க வந்திருந்தார். எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரி என்று நான்கு பக்கத்திலும் தேடினோம். இல்லை. அதில் இருந்த எண்ணுக்குப் பேசினோம். எதிர்முனையில் இருந்தவர் கூச்சமே இல்லாமல் சொன்னார்: “நாங்க கவர்மெண்டுக்குக் கட்டுப்பட்டவங்க இல்ல சார். எங்க பட்டத்த நாங்களே குடுக்கிறோம்.”

இதை அந்த அப்பாவிடம் சொன்னோம். அவர் கேட்டார்: “சாமி பேரச் சொல்லி நடத்துறாங்க. ஏமாத்தவா போறாங்க?”

ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல எங்களிடம் ஒரு சாட்சி இருந்தது. அவர் குடியிருக்கும் அதே பகுதியில் ஒரு தம்பி. இதே மாதிரி ஒரு இடத்தில் மூன்று வருடம் படித்துவிட்டு, பட்டச் சான்றிதழைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியவன். அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறினான். சான்றிதழ் சரிபார்ப்பில் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, “இது செல்லாதே தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் படிப்புக்காக அம்மா அடகு வைத்த தோடு மூழ்கியே போனது.

அந்த வார இறுதியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசினோம். சட்டம் படிக்கும் ஒரு தோழர் குறுக்கே கேட்டார்: “அரசை நம்பாதே என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். காவல் நிலையத்தில் நம்ப மாட்டோம், வட்டாட்சியர் அலுவலகத்தில் நம்ப மாட்டோம். பட்டம் என்று வந்தால் மட்டும் அரசு மேற்பார்வை வேண்டும் என்கிறோமே, ஏன்? மதக் கல்லூரிக்குப் பட்டம் கொடுக்கும் சுதந்திரம் ஏன் இருக்கக் கூடாது?” நேர்மையான கேள்வி. அன்றைக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

டென்மார்க் அரசரின் சாசனம்

தரங்கம்பாடி என்றால் டேனிஷ் கோட்டையும் சீகன்பால்கும் நமக்கு நினைவுக்கு வரும. வங்காளத்திலும் டென்மார்க்குக்கு ஒரு குடியேற்றம் இருந்தது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் செராம்பூர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் மிஷனரிகளை அண்டவிடாத காலத்தில், வில்லியம் கேரியும் ஜோஷுவா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் 1800இல் அங்கேதான் தங்கள் மிஷனைத் தொடங்கினார்கள். 1818இல் கல்லூரி வந்தது. கீழை இலக்கியமும் ஐரோப்பிய அறிவியலும் கற்பிப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். சாதி, நிறம், நாடு எதுவும் சேர்க்கைக்குத் தடையில்லை என்று விதியில் எழுதினார்கள். அந்தச் சபையில் 1803இலேயே பிராமணராகப் பிறந்த ஒருவருக்கும் தச்சர் குடும்பத்துப் பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. தமிழ்நாட்டுத் திருச்சபைகள் இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்துப் புதைப்பதை நினைத்தால் 1803 என்ற ஆண்டை இரண்டு முறை வாசிக்கத் தோன்றுகிறது.

1827இல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடெரிக் இந்தக் கல்லூரிக்கு ஒரு சாசனம் கொடுத்தார். கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களைப் போலப் பட்டம் வழங்கும் உரிமை. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு மதக் கல்லூரியின் கையில் தானே பட்டம் தரும் அதிகாரம் இருந்தது. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் ஒரே ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு விற்றது. அப்போதும் கல்லூரியின் சாசன உரிமை காப்பாற்றப்பட்டது.

ஆனால் அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் அவசரப்படவில்லை. சாசனத்தின் கீழ் முதல் பட்டங்கள் வழங்கப்பட்டது 1915இல்தான். எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. அவையும் இறையியல் பட்டங்கள். 1918இல் வங்காளச் சட்டமன்றம் செராம்பூர் கல்லூரிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்பிறகு உருவான ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. இறையியல் பட்டத்தைச் செராம்பூர் செனட் கொடுக்கிறது. அதே வளாகத்தில் இயற்பியலும் வேதியியலும் படிக்கும் மாணவருக்குப் பட்டம் கொடுப்பது கல்கத்தா பல்கலைக்கழகம். ஒரே கல்லூரி, ஒரே சாசனம், இரண்டு பட்டங்கள், இரண்டு கைகள்.

கடவுளைப் பற்றிய படிப்பில் சபை தன் பிள்ளைகளைத் தானே சோதித்துக்கொள்ளலாம். அமிலத்தையும் காரத்தையும் பற்றிய படிப்பில் வெளியார் ஒருவர் சோதிக்க வேண்டும். எங்கள் தோழரின் கேள்விக்கான பதிலில் பாதி இந்தப் பிரிவினையில் இருக்கிறது.

அந்த முதல் கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதக் கல்லூரிக்குச் சுதந்திரமே கூடாது என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் தலித் இறையியலின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையைத்தான் அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். பிறகு அவர் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கென்றே ஒரு துறைக்குத் தலைமை ஏற்றார். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ என்று நாம் அறிந்த தியோபிலஸ் அப்பாவு, சேரியின் இசையையும் ஒரே பானையிலிருந்து சேர்ந்து உண்பதையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். மூன்றும் செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரிகள். எந்த அமைச்சரிடமும் பாடத்திட்ட ஒப்புதல் கேட்காத கல்லூரிகள். கேட்டிருந்தால் ‘தலித் இறையியல்’ என்று ஒரு துறை வந்திருக்குமா? நாங்கள் நம்பவில்லை. மதக் கல்லூரியின் இறையியல் வகுப்பறைக்குள் அரசு நுழையக் கூடாது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அங்கே நமக்கு இழப்புதான் வரும்.

கற்பிப்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர்

இரண்டாவது கையின் கதை லண்டனில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆக்ஸ்போர்டில் சேரவே இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். கேம்பிரிட்ஜில் படிக்கலாம், கையெழுத்திடாமல் பட்டம் வாங்க முடியாது. கத்தோலிக்கர், யூதர், மாற்றுச் சபையினர் எல்லாரும் வெளியே. இதற்கு மாற்றாக 1826இல் மதச் சோதனை இல்லாத ஒரு கல்லூரி லண்டனில் தொடங்கியது. ‘கடவுள் இல்லாத கல்லூரியா’ என்று கொதித்தவர்கள் 1829இல் போட்டிக்குக் கிங்ஸ் கல்லூரியைத் தொடங்கினார்கள். இருவரில் யாருக்குப் பட்டம் தரும் உரிமை? இழுபறி ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1836இல் கண்ட தீர்வு எளிமையானது. லண்டன் பல்கலைக்கழகம் என்று மூன்றாவதாக ஓர் அமைப்பு. அது பாடம் நடத்தாது, பிரசங்கம் செய்யாது. தேர்வு மட்டும் நடத்தும், பட்டம் கொடுக்கும். மதமுள்ள கல்லூரியின் மாணவரும் மதமற்ற கல்லூரியின் மாணவரும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுவார்கள்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் அந்த அச்சில்தான் வார்க்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டு முன்பு வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, எந்த மதத்தார் நடத்தும் பள்ளிக்கும் மானியம் உண்டு என்றது. ஆய்வாளர் பொதுப் பாடங்களின் தரத்தைப் பார்க்கலாம், அங்கே போதிக்கப்படும் மதத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றது. சென்னை கிறித்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் விவிலிய வகுப்பைக் கட்டாயமாகவே நடத்தட்டும். அவருடைய மாணவர்கள் தேர்வெழுதுவது பல்கலைக்கழகத்திடம். பாளையங்கோட்டையிலும் திருச்சியிலும் மதுரையிலும் வந்த மிஷன் கல்லூரிகளும் அப்படியே. பின்னால் வந்த இந்து, முஸ்லிம் அறக்கட்டளைக் கல்லூரிகளும் அப்படியே. 1904இல் கர்சன் கொண்டுவந்த பல்கலைக்கழகச் சட்டம் ஆய்வகம் இருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் பார்க்கும் ஆய்வைக் கடுமையாக்கியது. கர்சனின் நோக்கம் நல்லதல்ல. தேசியவாதிகளை ஒடுக்கும் கணக்கு அதில் இருந்தது, கோகலே எதிர்த்தார். இருந்தாலும் ஆய்வகம் இல்லாத இடத்தில் அறிவியல் பட்டம் இல்லை என்ற விதி தங்கிவிட்டது.

முதல் தலைமுறையில் படிக்க வந்த நம் முன்னோருக்கு இந்த ஏற்பாடு என்ன கொடுத்தது? விடைத்தாளில் ஊர் பெயர் இல்லை, அப்பா பெயர் இல்லை, எண் மட்டும்தான். திருத்துபவர் வேறு ஊரில் இருக்கிறார். உள்ளூரில் நம்மைத் தள்ளி நிற்கச் சொல்பவருக்கு அந்த மதிப்பெண்ணில் கை வைக்க முடியாது. செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் வேறு கதை. அங்கே முகம் தெரியும், முகம் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை இதை வாசிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 1978 முதல் தமிழ்நாட்டில் வந்த தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளையும் திருத்தலையும் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. அவற்றில் பல மதச் சபைகள் நடத்துபவை, தரமானவை. அங்கேயும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் முத்திரைதான்.

அரசு மேற்பார்வைக்கு வெளியே நின்ற கல்வி எப்படியெல்லாம் இருந்திருக்கிறது என்பதற்குச் சேரன்மாதேவி குருகுலத்தைவிட நமக்கு வேறு பாடம் தேவையில்லை. ஆங்கிலேயக் கல்விக்கு மாற்றாக, காங்கிரஸ் நிதியில், வ.வே.சு. ஐயர் நடத்திய தேசியக் கல்வி. உள்ளே பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி. வெளியே இருந்து பெரியாரும் வரதராஜுலுவும் கேட்ட பிறகுதான் விஷயமே ஊருக்குத் தெரிந்தது.

டெக்சாஸில் நடந்த வழக்கு

மதக் கல்லூரி அறிவியல் பட்டத்தையும் தானே கொடுப்பேன் என்று கிளம்பினால் என்ன ஆகும் என்பதை அண்மைக்கால அமெரிக்கா நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது. அதுவும் ஒரே மாநிலத்தில், அடுத்தடுத்து இரண்டு வழக்குகளில்.

முதலாவது, ஃபோர்ட் வொர்த் நகரில் டிண்டேல் இறையியல் பள்ளி. அரசு அனுமதி இல்லாமல் 34 பட்டங்கள் கொடுத்ததற்கும், ‘செமினரி’ என்று பெயர் வைத்துக்கொண்டதற்கும் டெக்சாஸ் உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியம் 1,73,000 டாலர் அபராதம் போட்டது. வழக்கு டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007 ஆகஸ்டில் பள்ளி வென்றது. போதகருக்கு என்ன பயிற்சி போதும் என்று முடிவு செய்வது அரசின் வேலை அல்ல என்றது நீதிமன்றம். செராம்பூரின் முதல் கையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீர்ப்போடு எங்களுக்குச் சண்டை இல்லை.

இரண்டாவது, படைப்புவாத ஆராய்ச்சி நிறுவனம். நீரியல் பொறியாளரான ஹென்றி மாரிஸ் 1970இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது, பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான், பாறை அடுக்குகள் நோவாவின் வெள்ளத்தில் உண்டானவை. இவையெல்லாம் அவர்களுக்கு ஆராய்ந்து பார்க்க வேண்டிய கருத்துகள் அல்ல. சேரும்போதே ஏற்றுக்கொள்ள வேண்டிய உறுதிமொழிகள். 1981 முதல் அவர்கள் முதுநிலை அறிவியல் பட்டம் கொடுத்துவந்தார்கள். 1988இல் கலிபோர்னியா கல்வித் துறை விழித்துக்கொண்டு, இது அறிவியல் அல்ல என்று தடுக்கப் பார்த்தது. நிறுவனம் வழக்குப் போட்டது. 1992இல் சமரசம். அரசு 2,25,000 டாலர் கொடுத்து ஒதுங்கியது. மேற்பார்வையாளர் எப்போதும் வெல்வார் என்று நினைக்க வேண்டாம்.

2007இல் நிறுவனம் டெக்சாஸின் டாலஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. அறிவியல் கல்வியில் முதுநிலை அறிவியல் பட்டம் தர அனுமதி கேட்டது. யாருக்கான படிப்பு அது? பள்ளியில் அறிவியல் நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கு. அவர்கள் காட்டிய அங்கீகாரச் சான்று கிறித்தவக் கல்லூரிகளுக்கென்றே இருந்த ஒரு சங்கத்தினுடையது. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஹென்றி மாரிஸும் ஒருவர். தானே எழுதி, தானே திருத்தி, தானே முதல் மதிப்பெண் போட்டுக்கொள்வது போல. டெக்சாஸ் அந்தச் சங்கத்தை ஏற்கவில்லை. ஆனால் வாரியத்தின் ஆலோசனைக் குழு ஒன்று முதலில் அனுமதி கொடுக்கலாம் என்றே பரிந்துரைத்துவிட்டது. செய்தி வெளியே வந்ததும் அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். வாரியத்தின் ஆணையர் ரேமண்ட் பரேடஸ் மறுபடி நிபுணர்களிடம் கேட்டு, நிராகரிக்கச் சொன்னார். 2008 ஏப்ரல் 24 அன்று வாரியம் ஒருமனதாக நிராகரித்தது.

2009இல் இரண்டு வேலைகள் நடந்தன. இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு வாரியத்தின் அனுமதியே தேவையில்லை என்று ஒரு சட்ட முன்வரைவு டெக்சாஸ் சட்டமன்றத்துக்கு வந்தது, நிறைவேறவில்லை. நிறுவனம் நீதிமன்றம் போனது. மதச் சுதந்திரமும் பேச்சுச் சுதந்திரமும் பறிக்கப்படுகின்றன என்று வாதிட்டது. 2010 ஜூனில் கூட்டாட்சி நீதிபதி சாம் ஸ்பார்க்ஸ் தள்ளுபடி செய்தார். (நிறுவனத்தின் மனுவைப் படித்துப் புரிந்துகொள்வதே பெரும்பாடாக இருந்தது என்று தீர்ப்பிலேயே சலித்துக்கொண்டார்.) நீங்கள் எதை வேண்டுமானாலும் நம்பலாம், கற்பிக்கலாம், அதற்கு ‘அறிவியல் பட்டம்’ என்று பெயர் வைத்து விற்க மாநிலத்தின் அனுமதி வேண்டும். இதுதான் அதன் சாரம் என்று நாங்கள் புரிந்துகொண்டோம். அதன்பிறகு நிறுவனம் கடையை மூடவில்லை. பட்டத்தின் பெயரை மாற்றிக் கிறித்தவக் கல்வியில் முதுநிலைப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. வாரியத்துக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை. பாடம் நடத்துவதை யாரும் தடுக்கவில்லை. பலகையில் எழுதும் பெயரைத்தான் தடுத்தார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் மக்களுக்குப் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு பி.எஸ்சி. செல்லாமல் போனால் மாமா கம்பெனி இருக்கிறது, மனை இருக்கிறது, இன்னொரு மூன்று ஆண்டு இருக்கிறது. நம் பிள்ளைக்கு அந்த எழுத்துகள் மட்டும்தான் சொத்து. அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. பணியாளர் தேர்வாணையம் ஏற்காது. மேற்படிப்புக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். படிக்காத பெற்றோரால் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்து இது அறிவியலா என்று முடிவு செய்ய முடியாது. அதை அவர்களுக்காக முன்கூட்டியே பார்த்துவைப்பதற்குத்தான் வெளியார் ஒருவர் தேவை. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம், 22ஆம் பிரிவில், சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்த நிறுவனமோ தவிர வேறு யாரும் பட்டம் தரக் கூடாது என்கிறது. அந்தத் துண்டறிக்கைக் கல்லூரி மீறியது இதைத்தான்.

மேற்பார்வையாளரே வழி தவறினால்?

இங்கே நம் சட்டக் கல்லூரித் தோழர் மறுபடி குறுக்கிடுவார். குறுக்கிட வேண்டும். ஏனென்றால் 2001 பிப்ரவரியில் இந்தியப் பல்கலைக்கழகங்களில் சோதிடத் துறைகளைத் தொடங்கச் சொன்னது எந்த மடமும் அல்ல, யுஜிசியேதான். முரளி மனோகர் ஜோஷி அமைச்சர். படிப்பின் பெயர் ‘ஜோதிர் விஞ்ஞான்’. பெயரிலேயே விஞ்ஞானம். ஹைதராபாத்தின் உயிரியல் அறிஞர் பி.எம். பார்கவா உள்ளிட்டோர் ஆந்திர உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், தள்ளுபடி. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2004 மே 5 அன்று அதுவும் தள்ளுபடி. எதைக் கற்பிப்பது என்பது கல்வி நிபுணர்களின் முடிவு, நீதிமன்றம் தலையிடாது, விரும்பியவர் படிக்கலாம் என்றார்கள்.

வட இந்தியத் திருமணப் பொருத்தத்தில் ‘வர்ணம்’ என்று ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டு ராசிகளையும் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். நமக்கு அதில் ஒரு ராசிகூட ஒதுக்கப்படவில்லை. இதற்குப் பொதுப் பணத்தில் துறை, பேராசிரியர், முனைவர் பட்டம். டெக்சாஸில் ஒரு மத நிறுவனம் கதவைத் தட்டியது, வாரியம் திறக்கவில்லை. இங்கே வாரியமே உள்ளிருந்து கதவைத் திறந்துவைத்தது. ஆகவே ‘அரசு மேற்பார்வை’ என்று சொல்லும்போது ஆளும் கட்சியின் மேற்பார்வை என்று நாங்கள் பொருள்கொள்ளவில்லை. லண்டனில் 1836இல் கண்டது போல, கல்லூரிக்கும் வெளியே, பிரசங்க மேடைக்கும் வெளியே, அமைச்சர் அறைக்கும் வெளியே ஓர் இடம் வேண்டும்.

மேற்பார்வை சிறுபான்மையினர் மீது ஆயுதமாகவும் திரும்பும். 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேச மதரசா சட்டத்தை முழுதாகவே செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மதரசாக்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் செல்லும், ஆனால் காமில், ஃபாசில் என்ற உயர்கல்விப் பட்டங்கள் மட்டும் யுஜிசி சட்டத்தோடு முரண்படுவதால் செல்லாது என்றது. கோட்டைச் சரியான இடத்தில் போட்டார்கள் என்றே நினைக்கிறோம். ஆனாலும் அந்தப் பட்டங்களை நம்பிப் படித்துக்கொண்டிருந்த ஏழை முஸ்லிம் பிள்ளைகளின் முகம் எங்கள் தம்பியின் முகம் போலத்தான் இருந்திருக்கும். அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு தரும் நிர்வாக உரிமை, சீர்கெட்டு நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று 1958இல் கேரளக் கல்வி மசோதா வழக்கிலேயே சொல்லப்பட்டுவிட்டது. சுதந்திரம் கேட்கும் சிறுபான்மைக் கல்லூரிகளிடம் எங்களுக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது: 15(5)ஆம் பிரிவு அவர்களுக்கு இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. அதைத் தனியாக ஒரு நாள் எழுதுவோம்.

தோழரின் கேள்விக்கு வருகிறோம். அரசை நம்பாத நாம் ஏன் மேற்பார்வை கேட்கிறோம்? அண்ணல் அம்பேத்கர் 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பல்கலைக்கழக மசோதாவின் மீது பேசியபோது இதே சிக்கலைத்தான் சந்தித்தார். தேர்வு மட்டும் நடத்தும் பல்கலைக்கழக முறையின் மீது அவருக்குக் கடுமையான விமர்சனம் இருந்தது. அதற்காகப் பல்கலைக்கழகத்தைக் கைகழுவச் சொல்லவில்லை. செனட்டில் பிற்படுத்தப்பட்ட, ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பிரதிநிதித்துவம் கேட்டார். பிறகு 1946இல் மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, புத்தரின் பெயரைச் சூட்டிய அந்தக் கல்லூரியைப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார். அவர் கல்லூரியின் மாணவரும் மற்றவர்கள் எழுதிய அதே தேர்வைத்தான் எழுதினார்கள். தேர்வு வைக்கும் மேசையை உடைப்பதை விட்டு, அந்த மேசையில் நமக்கும் நாற்காலி போடச் சொன்னார். இன்றைக்கு எத்தனை பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள்? உங்கள் துறையின் பெயர்ப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்தான்.

அந்தத் தூய்மைப் பணியாளரின் மகள் அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் சேர்ந்திருக்கிறாள். ஆய்வகத்தில் போதிய கண்ணாடிக் குழாய்கள் இல்லை என்று வாரம் ஒரு முறை எங்களிடம் புலம்புகிறாள். தோட்டை இழந்த அம்மாவின் மகன், இருபத்தேழு வயதில், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறான். பணம் கட்டுவதற்கு முன் எங்களிடம் வந்து, “அண்ணா, இது யூஜிசி லிஸ்ட்ல இருக்கா, இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க” என்றான். மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தோம். இருந்தது.